இறங்கி இறங்கி ஏறிய மலைகள்

இன்றைக்குக் காலை ஷிஃப்டில் ஒயருக்குச் சுற்றுகிற புது டேப் பெட்டியைப் பிரித்தார்கள். பிரித்த மாத்திரத்தில் அந்த வாசனை மூக்கில் ஏறியது. நீ போன பிறகு கொஞ்ச காலம் வேறு டேப் கொடுத்துக்கொண்டிருந்தார்கள், அதில் வாசனையே கிடையாது. இப்போது பழைய டேப்பே திரும்பி வந்துவிட்டது. மண்ணெண்ணெயில் விழுந்த பலாச்சுளை மாதிரி நாறுது என்று நீ திட்டுவாயே, அதேதான். எத்தனை சோப்புப் போட்டாலும் விரலை விட்டுப் போகாது. இன்றைக்கு நான் வேண்டுமென்றே கையைக் கழுவாமல் கம்பெனி பஸ் ஏறினேன். வீட்டுக்கு வந்து டீ குடிக்கும்போதும் அந்த வாசனைதான். ரொம்ப நாளாக உனக்கு எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். இனி தள்ளிப்போட முடியாது என்று உட்கார்ந்துவிட்டேன்.

என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் கேட்டால் நீ ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "காருக்கு நரம்பு கட்டுறோம்." அவர்கள் முழிப்பார்கள். நீ மேலே ஒரு வார்த்தை சொல்ல மாட்டாய். பிறகு நான்தான் உட்கார்ந்து விளக்க வேண்டும். ஆள் உயரத்துக்குச் சாய்த்து வைத்த பலகை. அதில் வரிசையாக முளைகள். முளைகளுக்கு நடுவே ஒயர்களை ஓட்டி, நடுவில் ஒரு தடித்த மெயின், அதிலிருந்து ஹெட்லைட்டுக்கு ஒரு கிளை, கதவுக்கு ஒரு கிளை, ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு கனெக்டர், பிறகு மேலே டேப் சுற்றினால் ஒரு காருக்கு வேண்டிய நரம்பு தயார். ஒரகடத்தில் அந்தப் பலகைக்கு முன்னால் நீயும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்றே பாதி வயசைக் கழித்துவிட்டோம்.

காரில் மலைக்குப் போகிற ஆசை உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்கிறதா? கேண்டீனில் மாட்டியிருந்த காலண்டரிலிருந்து. மாதத்துக்கு ஒரு கார், எல்லாம் மலை ரோட்டில், பின்னால் ஒரு ஏரி. நீ சாம்பார் சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதையே முறைத்துப் பார்த்தாய்.

"ஒரு காராவது ஒரகடம் சிக்னல்ல நிக்கிற மாரி போடுறானா பாரு. எல்லாம் மலை மேலதான். நம்ம ஒயரு போன எடத்துக்கு நம்ம மட்டும் போவாம கீறோம்."

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூரில் டிரைவிங் ஸ்கூலில் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்து நின்றாய். வருஷத்துக்கு ஒரு தடவை கார் கம்பெனி மெயின்டனன்ஸுக்காக ஒரு வாரம் மூடுகிறது, அது மூடினால் நமக்கும் ஷட்டவுன், அந்த ஒரு வாரத்தில் போய் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தாய். ஆம்பளைகள் யாரும் வரக் கூடாது என்பது உன் சட்டம்.

ஓட்டுவதில் நீ வேறு ரகம். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பத்து வருஷம் ஓட்டியவள் மாதிரி சாய்ந்து உட்காருவாய். நான் கிளட்சை விட்டாலே வண்டி இருமிவிட்டு நின்றுவிடும். மேம்பாலம் ஏறுவதற்கே எனக்குக் கை வியர்க்கும். நம் பக்கத்தில் ஏற்றம் என்று ஒன்று இருந்தால் அது மேம்பாலம்தானே. அதனால் நீயே பிரித்துக் கொடுத்தாய். "சமவெளி உனுக்கு. மலை எனுக்கு. அடிவாரம் வரிக்கும் நீ ஓட்டு, அங்கருந்து நான் பாத்துக்கறேன்." எனக்கு அப்பாடா என்று இருந்தது.

பழைய மாடல் ஒன்று நின்றுபோய், அதற்குரிய பலகைகள் ஸ்கிராப்புக்குப் போனபோது நீ சூப்பர்வைசரிடம் மல்லுக்கட்டி, கேட் பாஸ் வாங்கி, ஒரு பலகையையும் கொஞ்சம் கழிவு ஒயரையும் வெளியே கொண்டுவந்தாய். ஷேர் ஆட்டோவில் அதை ஏற்றியபோது உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் காலைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டு வந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் உன் வாடகை வீட்டு ஹாலில் பாதி சுவரை அது பிடித்துக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பிள்ளைப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருவேன். உன் மகள் திவ்யா போனில் மேப் பார்த்து ஊர்ப் பெயரைச் சொல்லுவாள், நீ முளை அடிப்பாய், நான் ஒயர் ஓட்டுவேன். வேலூர், சேலம், கோயம்புத்தூர், திண்டுக்கல் என்று போகிற பெரிய ரோடு மெயின். அதிலிருந்து ஏலகிரிக்கு ஒரு கிளை. ஏற்காட்டுக்கு ஒன்று. ஊட்டிக்கு, வால்பாறைக்கு, கொடைக்கானலுக்கு. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு நீலக் கனெக்டர், அதுதான் ஏரி. எல்லாம் முடிந்ததும் நீ மேலே டேப் சுற்றி, இரண்டடி தள்ளி நின்று பார்த்தாய். கோயிலில் சாமி பார்க்கிற முகம்.

எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள் நான். நம் ஊர்ப் பக்கம் ஏரி என்றால் பள்ளத்தில் நிற்கிற தண்ணீர். அதைத் தடுக்க ஒரு கரை, வழிய ஒரு கலங்கல், திறக்க ஒரு மதகு. மலை உச்சியில் தண்ணீர் எப்படி நிற்கும்? நான்கு பக்கமும் வழிந்து ஓடிவிடாதா? கேட்டேன். "போயி பாத்தா தெரியப்போது. இன்னாத்துக்கு இப்பவே கேட்டுக்கினு," என்றாய். உனக்கும் தெரியவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அண்ணன் லோடு இறக்கிவிட்டு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பலகையைப் பார்த்தார். புதுக் கார்களை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற மனுஷர், உன் வீட்டுக்காரர், அவருக்குத் தெரியாத ரோடு இல்லை. கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னாம்மா இது? ஏறுன வழியிலயே எறங்குறீங்க, மறுபடியும் ஏறுறீங்க, மறுபடியும் எறங்குறீங்க. ஊட்டிக்கு ஒரு பக்கமா ஏறி இன்னொரு பக்கமா எறங்கலாம். ஏற்காடும் அப்டித்தான். ஒரு கிளைக்கும் இன்னொரு கிளைக்கும் நடுவுல ரோடே கெடையாதா?"

நீயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இருவருக்குமே அது தோன்றவில்லை. நம் கைக்குத் தெரிந்ததெல்லாம் அதுதான்: கிளை மெயினிலிருந்து புறப்படும், கனெக்டரில் முடியும். ஊர் உலகத்தில் ரோடு அப்படி இல்லை என்பது இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் உறைக்கவே இல்லை. ஆனால் நீ விட்டுக்கொடுப்பவளா?

"கிளைக்கும் கிளைக்கும் ஜாயிண்ட் குடுத்தா ஷார்ட் ஆயிடும்," என்று சட்டென்று சொன்னாய். அண்ணன் தலையில் அடித்துக்கொண்டார். "ஏறட்டுமே. ஒவ்வொரு மலையவும் அடியிலருந்து பாக்கலாம்ல," என்று அடுத்ததையும் சேர்த்துக்கொண்டாய். ஏறப்போவது நீதானே என்று நானும் சிரித்தேன்.

அந்த ஷட்டவுனுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதுதான் லைனில் தலை வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். டேப் உருளை கையிலிருந்து உருண்டு என் காலடிக்கு வந்தது. மறுநாள் சாயங்காலம் நீ இல்லை. மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். இதைப் பற்றி எழுத எனக்குப் பிடிக்கவில்லை. உனக்கும் பிடிக்காது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அண்ணன் அந்தப் பலகையை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். "தூக்கிப் போட மனசு வரல. வூட்ல வெச்சிக்கினு பாக்கவும் முடில. நீ வெச்சிக்கம்மா." நான் அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். அந்த வருஷ ஷட்டவுன் வந்தது, வீட்டிலேயே படுத்துக் கிடந்தேன்.

அதற்கு அடுத்த வருஷம் திவ்யா வந்தாள். தண்டலத்தில் காலேஜ் முடித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு, பையோடு. பலகையைத் திருப்பி வைத்துவிட்டு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சித்தி, இந்த ஷட்டவுனுக்கு போலாம். நீங்க ஓட்டுங்க."

"எனுக்கு சமவெளிதான் தெரியும், திவ்யா. மலை அம்மாவோடது."

"அதான் போலாம்ன்றேன்."

உன் மகள்தான். சந்தேகமே இல்லை.

அண்ணன் தானே ஓட்டுவதாகச் சொன்னார். "நீங்க ஓட்டுனா அது அம்மா ட்ரிப் இல்லப்பா," என்று அவள் ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்காகப் பார்த்து வேறு வழி சொன்னார். ஒரே மலை. ஊட்டிக்குப் போய் அங்கேயே தங்கி, பக்கத்து ஏரிகளைப் பார்த்துவிட்டு இறங்குவது. ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். புத்தியுள்ள யோசனை. நானும் சரி என்றேன். அப்படியானால் பலகையைத் திருத்த வேண்டும் அல்லவா? ஊட்டியை மட்டும் விட்டுவிட்டு மற்ற நான்கு கிளைகளையும் கழற்றிவிடலாம் என்று டேப்பின் நுனியைத் தேடினேன்.

நுனி கிடைக்கவில்லை. நீ சுற்றினால் நுனி தெரியாது, அது லைனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். நகத்தால் சுரண்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிளையாகத் தடவிப் பார்த்தேன். கத்தியால் கிழித்துவிட்டால் ஆயிற்று, கத்தியும் கையில்தான் இருந்தது. ஆனால் அத்தனை நெருக்கமாக, ஒரு சுற்றின் மேல் பாதி அடுத்த சுற்று ஏறி உட்கார்ந்திருந்த உன் கைவேலையைப் பார்த்தபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கழற்ற முடியாத மாதிரி கட்டிவிட்டுப் போய்விட்டாயே என்று உன்னைத் திட்டினேன். பிறகு கத்தியை வைத்துவிட்டு அண்ணனுக்குப் போன் போட்டு, அஞ்சு மலைக்கும் போறோம் என்று சொன்னேன்.

அண்ணன் பிடித்துக் கொடுத்த வாடகைக் காரில் ஒரு மாதம் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரையில் பழகினேன். கரைமேல் ஏறுகிற சரிவில் வண்டியைப் பாதியில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, கிளட்சைப் பாதி விட்டு ஆஃப் கிளட்சில் பிடித்து, பின்னால் உருளாமல் மேலே கொண்டுபோக வேண்டும். அண்ணன் கரைமேல் நின்றுகொண்டு கையைக் காட்டுவார். மாடு ஓட்டிக்கொண்டு வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். கிளம்புகிற அன்று என் வீட்டுக்காரர் டயரில் காற்றை மூன்று தடவை பார்த்தார்.

உன்னிடம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஏலகிரி அடிவாரத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, ஒன்றும் வேண்டாம், திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தேன். அதுவரைக்கும்தானே என் பங்கு, அது முடிந்துவிட்டது. பக்கத்து சீட்டைப் பார்த்தேன். திவ்யா முறுக்குத் தின்றுகொண்டிருந்தாள், என்னைப் பார்க்கவே இல்லை. அப்புறம் மேலே பார்த்தேன். அது அங்கே நின்றுகொண்டிருந்தது. தூரத்திலிருந்து நீலமாகத் தெரிந்ததெல்லாம் கிட்டே வந்ததும் பாறையும் மரமும் மஞ்சள் புல்லுமாக, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்கு. இவ்வளவு பெரிய ஒன்று யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இத்தனை காலம் இங்கேயே இருந்திருக்கிறதே என்று எனக்கு மலைப்பாக இருந்தது. முதல் கியரைப் போட்டேன்.

மூன்றாவது வளைவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் பஸ். ஹாரன். ஹேண்ட்பிரேக்கைப் பிடித்துக்கொண்டு உன் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டே ஆஃப் கிளட்சில் தூக்கினேன், ஏறிவிட்டது. பஸ் டிரைவர் தாண்டிப் போகும்போது கை காட்டிவிட்டுப் போனார்.

மேலே இருந்த ஏரியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படகு விடுகிற சின்ன ஏரி. நம் ஏரியில் ஒரு மூலை வராது. இதற்காகவா என்று இருந்தது. ஆனால் தண்ணீர் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்தது: மலை மேல் ஏறிவிட்டால் அங்கேயும் ஒரு தரை இருக்கிறது, வயல் இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, கரைகூட இருக்கிறது. மேலே இன்னொரு ஊர். ஊசி மாதிரி ஒரு முனை இருக்கும் என்றுதானே இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

திவ்யா வழியெல்லாம் ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருந்தாள். எதையாவது காட்டி, "அம்மா இருந்தா இன்னா சொல்லியிருப்பாங்க?" என்று கேட்பாள். நான் உன் குரலில் சொல்ல வேண்டும். வேலூரைத் தாண்டி ஒரு டீக்கடையில் ஆரம்பித்தது. "இது டீயா, கை கழுவுன தண்ணியா?" என்றேன். ஏற்காட்டில் அறை வாடகை கேட்டபோது, "ஏன், கட்டிலையும் வூட்டுக்கு எத்துக்கினு போலாமா?" என்றேன். ஊட்டி ஏரியில் இருந்த கூட்டத்தைப் பார்த்து, "ஷிஃப்ட் வுட்டாங்களா இன்னா?" அவள் ஒவ்வொன்றுக்கும் குலுங்கிக் குலுங்கிச் சிரிப்பாள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றவளுக்கு நீ வாயைத் திறப்பதற்கு முன்பே வார்த்தை தெரியும்.

அண்ணன் சிரித்த அந்தத் தப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு மலையிலும் ஏறின வழியிலேயே இறங்கினோம். இறங்கியதும் வெயில், லாரி, புழுதி, புரோட்டாக் கடை. மலை இருந்ததே பொய் மாதிரி ஆகிவிடும். மறுபடியும் தூரத்தில் நீலமாக ஒன்று எழும்பும். மறுபடியும் அடிவாரம், மறுபடியும் அண்ணாந்து பார்ப்பது, காது அடைப்பது, ஜன்னலை இறக்கினால் திடீரென்று குளிர் கையைப் பிடிப்பது. ஐந்து தடவையும் எனக்கு அது முதல் தடவையாகவே இருந்தது. ஊட்டியிலேயே தங்கியிருந்தால் இரண்டாம் நாளே மலை பழகிப்போயிருக்கும். இதை அண்ணனிடம் போனில் சொன்னேன். "அவ தெரிஞ்சி பண்ணலம்மா," என்றார். "தெரிலண்ணே. ஆனா நல்லா கீது," என்றேன்.

வால்பாறை ஏறுகிற ரோட்டில் ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் எல்லோரும் வண்டியை நிறுத்துகிறார்கள். நானும் நிறுத்தினேன். கீழே ஆழியார் அணை. அடியே, நான் பிறந்ததிலிருந்து ஏரி பார்க்கிறேன், ஆனால் மேலேயிருந்து ஏரியைப் பார்த்ததில்லை. கரையில் நின்றால் எதிர்க்கரை ஒரு கோடு, அவ்வளவுதான் நமக்குத் தெரியும். இங்கே மொத்தத் தண்ணீரும் ஒரே பார்வையில் கிடந்தது, வளைந்து, நெளிந்து, மலைக்கு நடுவே விரல் விரலாகப் புகுந்துகொண்டு. ஏரிக்கு ஒரு உருவம் உண்டு என்று இந்த வயசில் தெரிந்துகொண்டேன். நம் பிள்ளைப்பாக்கம் ஏரிக்கும் இப்படி ஒரு உருவம் இருக்கத்தானே வேண்டும், தினமும் தாண்டிப் போகிற எனக்கு அது தெரியாதே என்று நினைத்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. அதற்குமேல் மிச்சமிருந்த வளைவுகளை எப்படி ஏறினேன் என்று நினைவில்லை. பயம் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

கடைசிக் கிளை கொடைக்கானல். அங்கே ஊருக்குள் இருக்கிற ஏரியைத்தான் கனெக்டராகப் போட்டிருந்தாய். அறை கொடுத்தவர்தான் பேரிஜத்தைப் பற்றிச் சொன்னார். காட்டுக்குள் ஒரு ஏரி இருக்கிறது, காட்டிலாகாவில் பாஸ் வாங்கிக்கொண்டுதான் போக முடியும், காலையிலேயே போய் நில்லுங்கள் என்றார். வரிசையில் நின்று வாங்கினோம். நீ போட்ட பலகையில் இல்லாத ரோடு அது ஒன்றுதான். குறுகலான ரோடு, இரண்டு பக்கமும் உயர உயர மரம், வெயில் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. நான் இரண்டாவது கியரில் மெதுவாகப் போனேன்.

ஏரி வந்ததும் வண்டியை அணைத்தேன். படகு இல்லை, கடை இல்லை. மலைகளுக்கு நடுவே தண்ணீர் அசையாமல் இருந்தது. மேகம் மேலேயும் இருந்தது, தண்ணீருக்குள்ளேயும் இருந்தது. எங்களைப் போலவே பாஸ் வாங்கிக்கொண்டு வந்த மற்ற வண்டிக்காரர்களும் இறங்கி நின்றார்கள், ஒருவரும் சத்தமாகப் பேசவில்லை. மிஷின் சத்தத்திலேயே வாழ்ந்த காது எனக்கு. அங்கே ஒரு பறவை தண்ணீரைத் தொட்டுவிட்டுப் போன சத்தம் கேட்டது. யார் இதைச் செய்தது, யாருக்காக, எதற்காக இவ்வளவு அழகு என்று ஏதேதோ கேள்வி வந்தது. எதற்கும் பதில் வேண்டும் என்று தோன்றவில்லை.

திவ்யா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெதுவாகக் கேட்டாள்.

"சித்தி, அம்மா இருந்தா இப்ப இன்னா சொல்லியிருப்பாங்க?"

வாயைத் திறந்தேன். உன் குரல் தானாக வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. கிண்டலாக ஏதாவது சொல்லலாம் என்று பார்த்தேன், அது பொய்யாக இருந்தது. நீ அழுதிருப்பாய் என்று சொல்லலாம், அதுவும் பொய். என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்திருப்பாயோ, செருப்பைக் கழற்றியிருப்பாயோ, வாயே திறக்காமல் நின்றிருப்பாயோ. "தெர்ல, திவ்யா," என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள்.

உன் கோபம் எனக்குத் தெரியும். பசி வந்தால் உன் முகம் எப்படிப் போகும் என்று தெரியும். மாமியாரிடம் என்ன சொல்வாய், சூப்பர்வைசரிடம் எப்படிக் குழைவாய், எல்லாம் தெரியும். ஆனால் அவ்வளவு பெரிய ஒன்றுக்கு முன்னால் நீ நின்று நான் பார்த்ததே இல்லை. பலகைக்கு முன்னால்தானே பார்த்திருக்கிறேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியாத ஒன்று உண்டு என்பதை அந்தத் தண்ணீருக்கு முன்னால்தான் தெரிந்துகொண்டேன். அங்கேயே உட்கார்ந்து அழுதேன், நீ போன அன்றைக்குக்கூட நான் அப்படி அழவில்லை.

இன்றைக்கும் கேண்டீனில் பெண்கள் கேட்டால் உன் மாதிரி பேசிக் காட்டுகிறேன். எல்லோரும் சிரிக்கிறார்கள், நீ அங்கேயே இருக்கிறாய். ராத்திரி படுத்தால் மட்டும் அந்த ஏரி வந்து கண்ணுக்குள் நிற்கிறது, பக்கத்தில் நீ நிற்கிறாய், உன் முகம் தண்ணீர்ப் பக்கம் திரும்பியிருக்கிறது. நான் காத்துக்கொண்டே இருக்கிறேன்.

சொல்லுடி. இன்னா சொல்லியிருப்ப?